உச்ச விழிப்புணர்வு

அந்தக் கம்பெனியில் அவளுக்குச் சம்பளம் நடப்பதற்கு. பத்தொன்பது வருஷமாக அவள் செய்து வந்த வேலை அது ஒன்றுதான். காலையில் வந்து மாதிரிக் கூடத்தின் ஓரத்தில் கிடக்கும் முக்காலியில் உட்காருவாள். கால் அச்சுகளை மரத்தில் செதுக்கி ஷூ தைக்கிற மேஸ்திரி, புதிதாகத் தைத்த ஒரு ஜோடியைக் கொண்டு வந்து முன்னால் வைப்பார். போட்டுக்கொண்டு நடப்பாள். சிமெண்ட் தரையில் நாற்பது அடி, ஜல்லி கொட்டிய தரையில் பத்து அடி, பன்னிரண்டு படி ஏற்றம், பன்னிரண்டு படி இறக்கம். இப்படி முந்நூறு தடவை. எல்லாம் முடிந்ததும் ஒரு சீட்டில் ‘வலிக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். வலித்தால், எங்கே என்று எழுதுவாள். மேஸ்திரி முணுமுணுத்தபடி கத்தியை எடுத்து அந்த இடத்தில் ஒரு நூல் அளவு செதுக்கி, மறுநாள் திரும்பக் கொண்டு வருவார். அவள் கையெழுத்து இல்லாமல் பெண்கள் ஷூ ஒரு ஜோடிகூட வாசலைத் தாண்டக் கூடாது என்பது கம்பெனியை ஆரம்பித்தவர் போட்டுவிட்டுப் போன விதி.

பெண்கள் ஷூவுக்கு மாதிரி அளவு ஆறு. அவள் கால் ஆறு. சுமாராக ஆறு இல்லை. அளவுகோலுக்குச் சந்தேகம் வந்தால் அவள் காலைப் பார்த்துத் தெளிந்துகொள்ளலாம், அப்படி ஓர் ஆறு. அதனால் கம்பெனி முழுக்க அவளுக்கு ‘ஆறாம் நம்பர் அக்கா’ என்று பேர். சொந்தப் பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

கம்பெனி தயாரித்த ஷூக்களை அழகு என்று அவற்றைத் தைத்தவர்களே சொன்னதில்லை. நிறம் இரண்டு: கறுப்பு, கறுப்பாகப் பார்க்கிற பழுப்பு. வடிவம், தண்ணீரில் ஊறிய ரொட்டி. ஆனால் நாள் முழுக்க நிற்கிறவர்களான நர்சுகள், வாத்தியார்கள், சமையற்காரர்கள், கண்டக்டர்கள் எல்லாரும் அதைத்தான் தேடி வாங்கினார்கள். போட்டிருப்பதே தெரியாது. ஒரு ஜோடி ஐந்து வருஷம் உழைக்கும்.

அதுதான் வினையாக முடிந்தது.

புதிதாக ஒரு தலைவர் வந்தார். முன்பு ஒரு தலையணைக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவர் என்றார்கள். அந்தத் தலையணைகள் இப்போது பெரிய பெரிய வீடுகளின் வரவேற்பறையில் இருக்கின்றனவாம். யாரும் தலை வைப்பதில்லை. மெலிந்த மனிதர், கபடமில்லாத முகம். தான் சொல்வதையெல்லாம் தானே முழுதாக நம்புகிறவர் என்பது அவர் வாயைத் திறந்த இரண்டாவது நிமிஷமே தெரிந்துவிட்டது. வந்த அன்றே எல்லாரையும் கேண்டீனில் கூட்டிப் பேசினார்.

“நண்பர்களே! முப்பத்தொரு வருஷமா நாம சௌகரியத்தை வித்தோம். என்ன கிடைச்சது? சௌகரியமா இருக்கற வாடிக்கையாளர்தான் கிடைச்சான்! ஷூவைப் போட்டவன் போட்டதையே மறந்துடறான். தன் கால்ல இருக்கறதையே மறக்கறவன் நம்மளை எப்படி ஞாபகம் வெச்சுக்குவான்? அஞ்சு வருஷம் கழிச்சு வர்றான். வந்து என்ன கேக்கறான்? ‘அதே மாதிரி இன்னொண்ணு குடுங்க.’ இதைவிட ஒரு அவமானம் உண்டா? இனிமே நம்ம ஷூ போட்டவன் ஒவ்வொரு அடிக்கும் நம்மளை நினைக்கணும்!”

எல்லாரும் கை தட்டினார்கள். பேச்சு முடிந்தால்தான் டீ என்று சொல்லியிருந்தார்கள்.

மூன்றாம் வாரம் புது மாதிரி வந்தது. பேர் ‘மின்னல்’. மேஸ்திரி அதை இரண்டு கையாலும், அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி, தன் மேல் படாமல் கொண்டு வந்தார். முனை பென்சில் சீவினது போல இருந்தது. குதிகால் ஒரு சாண்.

“இது என்ன மேஸ்திரி?”

“ஷூவாம்.”

“இதுல விரலெல்லாம் எங்க போகும்?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘விரல்கள் ஒத்துழைக்கும்’னு சொன்னாங்க.”

போட்டுக்கொண்டு எழுந்தாள். பத்தாவது அடியில் இடது சுண்டுவிரல் கூப்பிட்டது. இருபதாவது அடியில் குதிகால். ஜல்லித் தரையில் மேஸ்திரியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். படி இறங்கவே இல்லை. முக்காலிக்கு வந்து உட்கார்ந்து, ‘வலிக்கிறது’ என்று எழுதி, எங்கெங்கே என்று வரிசையாகக் குறித்து, இடம் போதாமல் சீட்டின் பின்பக்கமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வழக்கப்படி மறுநாள் ஷூ திருத்தி வரும் என்று காத்திருந்தாள்.

ஷூ வரவில்லை. மெமோ வந்தது.

‘மாதிரிக் காலாகப் பணிபுரியும் தாங்கள், மின்னல் பரிசோதனையின்போது எதிர்பார்க்கப்பட்ட முடிவிலிருந்து விலகியுள்ளீர்கள். இதே ஷூ வரைபடத்தில் எந்தச் சிரமமும் கொடுக்கவில்லை. எனவே தவறு தங்கள் கால் தரப்பில் இருப்பதாகக் கருத இடமுண்டு. மூன்று நாட்களுக்குள் கால்களுடன் நேரில் வந்து விளக்கம் அளிக்கவும்.’

விசாரணை மனிதவள மேலாளரின் அறையில் நடந்தது. அந்த அம்மாள் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. வேலையை விட்டு அனுப்புகிறவர்களிடம்கூட, “தண்ணி குடிக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார். தரையில் வெள்ளைத் தாள் விரித்து அவளை நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார்கள். நீளம் அணுவும் மாறவில்லை. அகலம் நாலு மில்லிமீட்டர் கூடியிருந்தது.

“நாலு மில்லிமீட்டர்” என்றார் மேலாளர், வருத்தத்துடன். “இது வேலை நேரத்துல அகலமாச்சா, சொந்த நேரத்துல ஆச்சா?”

“எப்ப ஆச்சுன்னு கவனிக்கலீங்க மேடம். ரெண்டு குழந்தை பெத்தேன். அப்ப ஆகியிருக்கும்.”

“அதைக் கம்பெனிக்குத் தெரிவிச்சீங்களா?”

“குழந்தையைத் தெரிவிச்சேங்க. லீவு குடுத்தீங்களே.”

“குழந்தையைக் கேக்கல. அகலத்தை.”

“இல்லீங்க.”

மேலாளர் தட்டச்சு செய்கிறவர் பக்கம் திரும்பினார். “மறைத்திருக்கிறார்னு போட்டுக்கோங்க” என்றார். பிறகு இவளைப் பார்த்து, “தண்ணி குடிக்கறீங்களா?” என்றார்.

அவளுக்கு வயது நாற்பத்து நாலு. தெரிந்த தொழில் நடை. நன்றாக நடப்பேன் என்று சொல்லிக்கொண்டு வேறு எந்தக் கம்பெனிப் படியில் போய் ஏறுவது?

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள். புருஷன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். எந்த விஷயத்தையும் மேலே போகுமா கீழே வருமா என்றுதான் பார்ப்பார். சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“இப்படி எழுது. ‘கால் என்னுடையது. அகலம் கம்பெனியுடையது. பத்தொன்பது வருஷம் உங்க ஷூவுலதான் நடந்திருக்கேன்.’ என்ன பதில் சொல்லிடுவாங்க?”

“நீங்க சும்மா இருங்க அண்ணா” என்றாள் அவருடைய தங்கை. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவர்களோடுதான் இருந்தாள். ஊறின ரொட்டி ஷூ ஒன்று அவள் காலில் ஆறாவது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. “அண்ணி, மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. வேலைதான் முக்கியம். காலு எங்க போயிடப் போகுது?”

அப்படியே எழுதிக் கொடுத்தாள். ‘கால் அகலமானதற்கு வருந்துகிறேன். இனி அகலமாகாமல் பார்த்துக்கொள்கிறேன்.’ கம்பெனி பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டு, மூன்று நாள் ‘கால் மேம்பாட்டுப் பயிற்சி’க்கு அனுப்பியது. ஐந்து விரல்களும் தனித்தனியாகச் சிந்திப்பதுதான் பிரச்சினைக்கு வேர் என்று பயிற்றுநர் படம் போட்டு விளக்கினார். கட்டைவிரல் தலைமை ஏற்க வேண்டும், சுண்டுவிரல் தன்னலத்தை விட வேண்டும் என்றார். பயிற்றுநர் காலில் கேன்வாஸ் ஷூ இருந்தது. முடிவில் இரண்டு சான்றிதழ் கொடுத்தார்கள், காலுக்கு ஒன்றாக.

திரும்பி வந்து மறுபடி நடந்தாள். மறுபடி வலித்தது. மறுபடி அதையே எழுதினாள். வேறு எதை எழுதுவது?

இந்தத் தடவை சீட்டைத் தலைவரே படித்தார். படித்துவிட்டு நெடுநேரம் யோசித்தாராம். கால் சரியில்லை என்பதைவிடச் சொல் சரியில்லை என்று அவருக்குப் பட்டது. ஒரு சொற்குழு அமைத்தார். குழு பதினொரு தடவை உட்கார்ந்து பேசியது. உட்கார்ந்து என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதற்குள் மின்னல் ஆண்களுக்கும் வந்து, அதிகாரிகள் எல்லாரும் அதைத்தான் அணிய வேண்டும் என்று உத்தரவாகி, கட்டிடத்தில் நிற்கிறவர்களே அபூர்வமாகிப் போயிருந்தார்கள்.

முடிவைத் தலைவர் கூட்டத்தில் அறிவித்தார். குரல் தழுதழுத்தது. “வலின்னா என்ன? உன் கால் உன்னைக் கூப்பிடுது! ‘நான் இருக்கேன், என்னைக் கவனி’ன்னு சொல்லுது! இத்தனை வருஷமா நாம இந்த அருமையான குரலுக்குப் போய் ‘வலி’ன்னு பேர் வெச்சிருந்தோம். அதோட நிஜப் பேர் விழிப்புணர்வு!”

பழைய சீட்டு ஒழிந்தது. புதிய சீட்டில் மூன்று கட்டங்கள்: விழிப்புணர்வு, அதிக விழிப்புணர்வு, உச்ச விழிப்புணர்வு. எழுத இடமே இல்லை. ஆறாம் நம்பர் அக்கா சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் தலைவரின் படம்.

“வலிச்சா எதுல டிக் போடறது மேஸ்திரி?”

“எவ்வளவு வலிக்குது?”

“உயிர் போகுது.”

“அப்ப மூணாவது.”

மூன்றாவதில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டாள். மத்தியானமே கம்பெனி அமர்க்களப்பட்டது. சரித்திரத்திலேயே முதன்முறையாக ஒரு ஷூ உச்ச மதிப்பீடு பெற்றிருக்கிறது, அதுவும் கண்டிப்புக்குப் பேர்போன பரிசோதகரிடம்! தலைவர் தானே வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். “எனக்குத் தெரியும். உங்க கால் ஒரு நாள் புரிஞ்சுக்கும்னு தெரியும்” என்றார். கண்ணில் நீர். மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். புகைப்படம் எடுத்தார்கள். ‘பரிசோதித்தவர் சொல்கிறார்: உச்ச விழிப்புணர்வு!’ என்று அவள் கையெழுத்தோடு ஒரு அட்டை அச்சடித்து ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைத்தார்கள். பழைய மாடல்கள் எல்லாம் நிறுத்தப்பட்டன.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் நாத்தனார் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வாசல்படி ஏறி வந்தாள். வெள்ளை நிற மின்னல். பழையது அடியோடு தேய்ந்து போய், அதே மாதிரி கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினாள். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து, சுண்டுவிரல் நகத்தடியில் ரத்தம் கட்டியிருந்தது.

“பன்னிரண்டு மணி நேரம் வார்டுல நின்னேன் அண்ணி. ஊசி போட்டுக்க வந்தவர் என் நடையைப் பார்த்துட்டு, ‘நீங்க படுத்துக்கோங்கம்மா, நான் நின்னுக்கறேன்’னுட்டாரு.”

“எதுக்குடி வாங்கினே?”

“உங்க கையெழுத்து இருந்துச்சே. அதை நம்பித்தான் வாங்கினேன். வார்டுல எல்லார்கிட்டயும் காட்டினேன், எங்க அண்ணி போட்ட கையெழுத்துன்னு. ஒன்பது பேர் வாங்கிட்டாங்க.” அட்டையை எடுத்துப் பார்த்தாள். “அதென்ன அண்ணி, உச்ச விழிப்புணர்வு?”

“வலிக்குதுன்னு அர்த்தம்.”

“அப்படின்னா வலிக்குதுன்னே எழுத வேண்டியதுதானே?”

“அதுக்குக் கட்டம் இல்ல.”

நாத்தனார் சிரிக்கப் போனாள். சிரிப்பு வரவில்லை. ஆறாம் நம்பர் அக்கா அடுப்பில் வெந்நீர் வைத்து, அகலப் பாத்திரத்தில் ஊற்றிக் கொண்டு வந்து, அந்தக் காலை எடுத்து உள்ளே வைத்தாள். ஒன்பது பேர் என்ற எண் அவள் காதை விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்பது பேர். பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர், பஸ்ஸில் எத்தனை பேர் என்று மனசு பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போயிற்று.

மறுநாள் மேலாளரிடம் போய், தன் கையெழுத்தை அட்டையிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டாள். “தண்ணி குடிக்கறீங்களா?” என்றார் மேலாளர். அடுத்த வாரம் மாதிரிக் கூடத்துக்கு ஓர் இயந்திரக் கால் வந்து இறங்கியது. மாவுக்கட்டுக்குப் போடுவார்களே, அந்த மாவில் வார்த்த பாதம், மேலே இரும்புத் தண்டு. மின்னலைப் போட்டுக்கொண்டு டக் டக்கென்று இரவு பகலாக நடந்தது. நாலு லட்சமாவது அடியில் நடுவில் விரிந்து இரண்டாக உடைந்தது. ‘உடைந்த பிறகும் கால் எந்தப் புகாரும் தெரிவிக்கவில்லை’ என்று அறிக்கை எழுதினார்கள். அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் பரிசு அதற்குத்தான். ஆனாலும் ஆறாம் நம்பர் அக்காவை அனுப்ப முடியவில்லை. இயந்திரத்துக்குக் கையெழுத்துப் போட வராது.

கம்பெனிக்குள்ளோ நடப்பது என்கிற வழக்கமே அழிந்துகொண்டிருந்தது. முதலில் கணக்குப் பிரிவில் ஒருத்தர் எழுந்திருக்கச் சிரமப்பட்டு, சக்கர நாற்காலியை அப்படியே உந்திக்கொண்டு பக்கத்து மேஜைக்குப் போனார். ஒரு வாரத்தில் எல்லாரும் அப்படித்தான் போனார்கள். நடைவழியில் நாற்காலிகள் முட்டிக்கொண்டன. இடப்பக்கமாகச் செல்லவும், திருப்பத்தில் குரல் கொடுக்கவும் என்று எழுதி ஒட்டினார்கள். மேலதிகாரியின் நாற்காலி வந்தால் மற்ற நாற்காலிகள் சுவரோரம் ஒதுங்க வேண்டும். தலைவர் இதைக் கண்டு கலங்கவில்லை. சுற்றறிக்கை விட்டார். ‘நடப்பது பழைய கம்பெனியின் பழக்கம். நமது ஷூ போய்க்கொண்டிருப்பவர்களுக்கானதன்று. வந்து சேர்ந்துவிட்டவர்களுக்கானது.’

அப்போதுதான் அந்தக் கடைக்கார அம்மாள் வந்தார். எழுபது கடைகளுக்குச் சொந்தக்காரி. அவர் ஒப்புக்கொண்டால் மின்னல் ஊர் ஊராகப் போய்விடும். கம்பெனி மொத்தமும் கேண்டீனில் நாற்காலிகளில் அணிவகுத்துக் காத்திருந்தது. கனத்த உடம்போடு, மூச்சிரைக்க, ரப்பர் செருப்பைச் சரட் சரட்டென்று இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். தலைவர் அரை மணி நேரம் பேசினார். பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் ஒன்றே ஒன்று சொன்னார்.

“யாராவது ஒருத்தர் இதைப் போட்டுக்கிட்டு நடந்து காட்டுங்களேன்.”

கேண்டீனில் ஒரு சக்கரம்கூட அசையவில்லை. மேலாளர் ஆறாம் நம்பர் அக்காவைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

அவள் மின்னலை மாட்டிக்கொண்டு எழுந்தாள். பத்தொன்பது வருஷத் தொழில். முதுகு வளையாமல், தோள் ஆடாமல், முகத்தில் ஒரு கோடு மாறாமல், சுவரிலிருந்து சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். மேஸ்திரி ஒருத்தர்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

“நல்லா நடக்கறியேம்மா” என்றார் கடைக்கார அம்மாள். “வலிக்குதா?”

அந்தச் சொல்லை அந்தக் கட்டிடத்துக்குள் யாரும் சொல்லி நாலு மாசமாகியிருந்தது. மேலாளர் மூன்று விரலை உயர்த்திக் காட்டினார். மூன்றாவது கட்டம். ஆறாம் நம்பர் அக்காவுக்கு அது தெரிந்தது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இருந்த கால்தான் அதைவிடப் பக்கத்தில் தெரிந்தது.

“வலிக்குதுங்க” என்றாள். “நிறைய வலிக்குது. முதல் நாள்லேர்ந்தே வலிக்குது.”

தலைவர் பதறி எழுந்தார். எழுந்து பல வாரமாகியிருந்ததால் ஒரு தடவை தடுமாறிச் சமாளித்துக்கொண்டார். “மேடம், அவங்க சொல்றது விழிப்புணர்வு! நான் காட்டறேன், பாருங்க!” என்று நடக்க ஆரம்பித்தார். மூன்றாவது அடியில் வெளிறினார். ஏழாவது அடியில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நிற்கவில்லை. தலைவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து அதிகாரிகள் கை தட்டினார்கள். தட்டத் தட்ட அவர் நடந்தார். நடக்க நடக்க அவர்கள் தட்டினார்கள்.

“யாராவது அவரைப் பிடிச்சு உட்கார வைங்கப்பா” என்றார் கடைக்கார அம்மாள். பிறகு ஷூவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பொண்ணு பொய் சொல்லல. ஆனா இவ்வளவு வருஷமா விக்கறேன். வலிக்கும்னு சொல்லி அழகானதை யாரும் கீழ வெச்சுட்டுப் போனதில்ல. ஐயாயிரம் ஜோடி அனுப்புங்க.”

அதிகாரிகள் மறுபடி தட்டினார்கள்.

“இன்னொண்ணு” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “உங்க பழைய மாடல் இருக்குமே, ரொட்டி மாதிரி. அது ஒரு முந்நூறு கிடைக்குமா? விக்கறதுக்கு இல்ல. என் கடைப் பொண்ணுங்க நாள் முழுக்க நிக்கறாங்க. எனக்கும் ஒண்ணு.”

“நிறுத்திட்டோம் மேடம்” என்றார் மேலாளர்.

“அட பாவமே” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் ரப்பர் செருப்பை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

தலைவரை நாற்காலியோடு மாதிரிக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஷூவைக் கழற்ற வரவில்லை. மேஸ்திரி கத்தியால் பக்கவாட்டில் கீறி எடுத்தார். ஆறாம் நம்பர் அக்கா ஒரு வாளித் தண்ணீரில் அவர் கால்களை எடுத்து வைத்தாள். தலைவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

“நீங்க தினமும் எழுதிக் குடுத்தது இதைத்தானா?”

“ஆமாங்க சார்.”

“உச்ச விழிப்புணர்வுன்னா இதுவா?”

“இதுதாங்க சார்.”

“நான் அதைப் பாராட்டுன்னு நினைச்சுட்டேம்மா” என்றார். அவர் நடிக்கவில்லை. அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். பிறகு, “வலிக்குது” என்றார், ஒரு குழந்தை புதுச் சொல்லைச் சொல்லிப் பார்ப்பதுபோல. “இப்ப என்ன செய்யலாம்?”

“முன்னாடி அரை விரல் அகலம் குடுங்க. குதிகாலைப் பாதியாக் குறைங்க. அழகு ஒண்ணும் ஓடிடாது. மேஸ்திரிக்கு ரெண்டு நாள் வேலை.”

மேஸ்திரி தலையாட்டினார். தலைவரும் தலையாட்டினார். அன்று வீட்டுக்குப் போகும்போது அவளுக்குக் கால் வலித்தாலும் மனசு லேசாக இருந்தது.

காலையில் வாசலிலேயே சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. ‘நேற்று மாலை வாளியில் கால் வைத்திருந்த நேரத்தில் தலைவர் கூறியவை அவருடைய சொந்தக் கருத்துகள். நிறுவனத்தின் கருத்துகள் அல்ல. விழிப்புணர்வு மிகுதியால் அவர் காலவரையற்ற விடுப்பில் செல்கிறார். மனிதவள மேலாளர் பொறுப்புத் தலைவராகச் செயல்படுவார்.’

பொறுப்புத் தலைவர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் ஐயாயிரம் பெட்டிகளுக்கான அட்டை.

“நேத்து நடந்ததைக் கம்பெனி மறந்துடுச்சு. நீங்களும் மறந்துடுங்க. பெரிய ஆர்டர், புது அட்டை, புதுசா ஒரு கையெழுத்து. அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க முதுநிலைக் கால்.”

அவள் அட்டையை எடுத்துப் படித்தாள். “ ‘வலிக்கிறது’ன்னு போடுங்க மேடம். கையெழுத்துப் போடறேன்.”

“அந்த வார்த்தை நம்ம கம்பெனில இல்லையேம்மா.”

“அப்ப கையெழுத்தும் இல்லீங்க.”

“யோசிச்சுச் சொல்லுங்க. தண்ணி குடிக்கறீங்களா?”

“குடுங்க” என்றாள். நின்றபடியே முழுக் குவளையையும் குடித்துவிட்டு, குவளையை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். நடை பிசகவில்லை. வாசல் காவலர் விதிப்படி அவள் பையைச் சோதித்து, வெளியே போகிற பொருள்களுக்கான சீட்டில் ‘கால், ஆறாம் நம்பர், ஒரு ஜோடி, திருப்பித் தர வேண்டியதில்லை’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். மேஸ்திரி கேட் வரைக்கும் கூட வந்தார். “படி இருக்கு, பார்த்துப் போங்கக்கா” என்றார். அங்கே படியே கிடையாது.

அட்டை என்ன ஆயிற்று என்றால், கையெழுத்துக்குப் பதில் உடைந்த இயந்திரக் காலின் அச்சைப் பதித்து ஐயாயிரம் பெட்டியும் போயிற்று. நன்றாகவே விற்றது.

இரண்டு மாசம் வீட்டில் இருந்தாள். புருஷன் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. “லிஃப்ட்டுன்னா ஒரு மாடியில நிக்கத்தான் செய்யும்” என்றார். பிறகு நாத்தனார் ஒரு சேதி கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் கால் வலி என்று வருகிற கூட்டம் தாங்காமல் தனியாக ஒரு பிரிவு திறந்திருக்கிறார்கள், வருகிறவர்களிடம் விசாரித்து எழுதித் தர ஆள் தேவை. அவள் போனாள். பிரிவின் வாசலில் ‘அன்பளிப்பு’ என்று போட்டு அவளுடைய பழைய கம்பெனியின் பேரைப் பளிங்கில் பொறித்திருந்தார்கள். கடைகளுக்கு ஷூ அனுப்புகிற கம்பெனிதான் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளையும் அனுப்புகிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய் மேஜை முன்னால் உட்கார்ந்தாள்.

முதலில் வந்தது, அந்தக் கடைக்கார அம்மாளின் எழுபது கடைகளில் ஏதோ ஒன்றில் நிற்கிற பெண். இருபது வயதுதான் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“என்னம்மா பண்ணுது?”

“வலிக்குதுக்கா.”

“எங்க?”

“இந்த விரல். அப்புறம் குதிகால். நிக்கவே முடியல.”

அந்தப் பெண் சொன்னதைச் சொன்னபடியே தாளில் எழுதினாள். ‘வலி’ என்று எழுதும்போது பேனா ஒரு கணம் தயங்கியது, பிறகு எழுதிவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய் டாக்டரிடம் கொடுத்தாள். டாக்டர் வாங்கி, கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு, மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தார்.

“எத்தனை நாளா வலிக்குதாம்?” என்று கேட்டார்.

“கேட்டுச் சொல்றேங்க.”

ஆனால் நகரவில்லை. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “என்னம்மா? வேற ஏதாவது?”

“ஒண்ணுமில்லீங்க” என்றாள். “படிச்சீங்களேன்னு பார்த்தேன்.”